கிட்ட வராதே

கதிர் தந்த மருந்து – 12

பெரியம்மா படுத்திருந்த அறையின் தரையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டில். கட்டிலை ஒட்டி, சக்கரம் வைத்த ஓர் ஈயத் தடுப்பு. தடுப்புக்கு மேலே அவர் முகம் மட்டும் தெரிந்தது. 1982-ஆம் வருடம். நான் கல்லூரியில் முதலாண்டு மாணவன். ஃபிளாஸ்க்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

“அங்கயே நில்லுப்பா. கிட்ட வராதே. உள்ள கரண்டு வச்சிருக்காங்க” என்றார்.

அதற்கு முன் ஐந்து வாரம் தினமும் பஸ்ஸில் போய்க் ‘கரண்டு’ வைத்துக்கொண்டு வந்தவர் அவர். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் ஊரில் நோயாளிகளும் அவர்களின் வீட்டாரும் வைத்திருக்கும் பெயர் அதுதான். வெளியே நிற்கும் எந்திரத்திலிருந்து வருவது வெளிக்கரண்டு, உடம்புக்குள்ளேயே வைத்துவிட்டுப் போவது உள்கரண்டு. மூன்று நாள் அவர் எழுந்திருக்கக் கூடாது, புரண்டு படுக்கவும் கூடாது. நர்ஸ் என் கையிலிருந்த ஃபிளாஸ்க்கை வாங்கி, விறுவிறுவென்று உள்ளே போய், ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு நிமிடத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். அந்த நர்ஸின் நடைவேகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெரியம்மாவிடம் அவருக்கு அருவருப்பு என்று அன்றைக்கு நினைத்துக் கோபப்பட்டேன். இந்தத் தொடருக்காகப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கோட்டுக்கும் அந்த வேகத்துக்கும் பின்னால் அறுபது எழுபது ஆண்டுக் கதை இருப்பது தெரிந்தது. இந்த வாரம் அந்தக் கதை.

முதலில் ஒரு கணக்கு. கதிர்வீசும் ஒரு சிறு துண்டிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரத்தில் 100 பங்கு கதிர் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 சென்டிமீட்டரில் படுவது 50 பங்கு அல்ல, 25 பங்குதான். 5 சென்டிமீட்டரில் 4 பங்கு. 10 சென்டிமீட்டரில் ஒரே ஒரு பங்கு. தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதன் வர்க்க மடங்கு கதிர் குறைகிறது. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் கட்டியை அடைய வேண்டுமானால் வழியிலுள்ள தோல், குடல், எலும்பு எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும். கதிர்மூலத்தைக் கட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் கட்டி முழு வீச்சையும் வாங்கிக்கொள்ளும். சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் நல்ல உறுப்புகள் பெரும்பாலும் தப்பித்துவிடும். உள்கரண்டின் பலம் முழுவதும் இந்த ஒரு கணக்கில் இருக்கிறது. ஸ்வீடன் மருத்துவர் ஜோஸ்டா ஃபோர்செல் 1931-இல் இதற்கு ‘பிராக்கிதெரபி’ என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ‘பிராக்கி’ என்றால் குறுகிய என்று பொருள். குறுகிய தூரத்தில் நின்று செய்யும் வைத்தியம்.

ஆனால் அதைக் கொண்டுபோய் உள்ளே வைக்கும் கையும் குறுகிய தூரத்தில்தானே இருக்கிறது? கட்டியை எரிக்கும் அதே அருகாமை, வைப்பவரின் விரலையும் எரிக்கும். உள்கரண்டின் வரலாற்றை நான் இந்த ஒரு சிக்கலின் வரலாறாகவே படிக்கிறேன். நோய்க்கு மிக அருகில் போக வேண்டும், மருத்துவம் செய்பவர் மிகத் தள்ளி நிற்க வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1901-இல் ஹென்றி பெக்கெரல் தம் கோட்டுப் பையில் ரேடியக் குழாயை வைத்துக்கொண்டு திரிந்ததால் தோல் வெந்துபோனதையும், பியேர் க்யூரி வேண்டுமென்றே தம் கையில் ரேடியத்தைக் கட்டிக்கொண்டு புண் வரவைத்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். அதே ஆண்டில் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் டான்லோஸ் என்ற தோல் மருத்துவர், க்யூரி கொடுத்த ரேடியத்தைத் தோல் காசநோய்ப் புண்களின் மேல் வைத்துப் பார்த்தார். மேல் தோலில் வைப்பது எளிது. உள்ளே ஆழத்தில் இருக்கும் கட்டியை என்ன செய்வது?

இதற்கு வழி சொன்னவர்களில் ஒருவர் நாம் எதிர்பார்க்காத ஆள். தொலைபேசி தந்த அலெக்ஸாண்டர் கிரகாம் பெல். 1903-இல் வாஷிங்டன் மருத்துவர் சோவர்ஸுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். வெளியே தெரியும் புற்றுநோய்களை இந்தக் கதிர்கள் கரைக்கின்றன, உள்ளே இருப்பவற்றை எட்டுவதில்லை. எக்ஸ்ரே உண்டாக்கும் குழாய் பெரியது, அதை உடம்புக்குள் நுழைக்க முடியாது. ரேடியம் அப்படியல்லவே, துளியூண்டு ரேடியத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து மூடிக் கட்டியின் நடுவிலேயே செருகிவிட்டால் என்ன, சோதித்துப் பார்க்கலாமே என்பது கடிதத்தின் சாரம். ‘சயன்ஸ்’ இதழ் அதே ஆண்டு அதை வெளியிட்டது. மருத்துவம் படிக்காத ஒருவர் ஒரு பக்கக் கடிதத்தில் ஒரு சிகிச்சை முறையின் கருவையே எழுதிவைத்துவிட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புதான்.

பெல்லின் கடிதத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே 1903-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கோல்ட்பெர்க், லண்டன் என்ற இருவர் முகத்தில் வந்த தோல் புற்றுநோய்க்கு ரேடியம் வைத்தார்கள். மியூனிக்கில் ஸ்ட்ரேபெல் ஊசியால் துளையிட்டுக் கட்டிக்குள் ரேடியத்தைச் செலுத்தினார். நியூயார்க்கில் மார்கரெட் கிளீவ்ஸ் என்ற பெண் மருத்துவர் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியம் வைத்ததைப் பதிவு செய்தார். ஒரே ஆண்டில், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று ஊர்களில்.

கருப்பை வாய்தான் இந்த வைத்தியத்துக்கு முதல் பெரிய களமாயிற்று. உடம்பின் அமைப்பே காரணம். கருப்பைக்குள் இயற்கையாகவே ஓர் ஒடுங்கிய வழி இருக்கிறது. அதற்குள் ஒரு குழாயை நிறுத்தலாம். கீழே வாயின் இரு பக்கத்திலும் ஒதுங்கல் இருக்கிறது. அங்கே இரண்டு சிறு உருண்டைகளை வைக்கலாம். கத்தி தேவையில்லை. கருப்பையின் தசை கடும் கதிரையும் தாங்கும். தொல்லை என்னவென்றால் முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், இரண்டும் விரற்கடை தூரத்தில் இருக்கின்றன. கதிர் கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் மலக்குடலில் ஓட்டை விழும், முன்னால் சாய்ந்தால் சிறுநீர்ப்பையில். அப்படி ஆன பெண்கள் நோயிலிருந்து பிழைத்தும் வாழ்நாள் முழுக்க ஒழுகும் புண்ணோடு இருந்தார்கள். இரண்டு மில்லிமீட்டர் சரிவுக்கு இவ்வளவு விலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரேடியம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சி வடித்தால் கிராமில் ஒரு சிறு பங்கு தேறும். 1914 செப்டம்பரில் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது மேரி க்யூரி செய்த முதல் வேலை, பிரான்சிடம் இருந்த ஒரு கிராம் ரேடியத்தை ஈயப் பெட்டியில் அடைத்து, ரயிலில் போர்டோ நகரத்துக்குத் தாமே தூக்கிச் சென்று வங்கிப் பெட்டகத்தில் வைத்ததுதான். போர் முடிந்த பிறகும் அவர் ஆய்வகத்தில் இருந்தது அந்த ஒரே கிராம். அப்போது அமெரிக்காவில் சுமார் 50 கிராம் இருந்தது. இதைக் கேட்டுத் திகைத்த மெலோனி என்ற பத்திரிகை ஆசிரியை அமெரிக்கப் பெண்களிடம் நிதி திரட்டினார். சேர்ந்தது 1,00,000 டாலர். அதற்குக் கிடைத்தது ஒரு கிராம். 1921 மே மாதம் வெள்ளை மாளிகையில் அதிபர் ஹார்டிங் அதை மேரியிடம் ஒப்படைத்தார். ஒரு கிராமுக்கு ஒரு லட்சம் டாலர் என்ற இந்தக் கணக்கையும் நினைவில் வைத்திருங்கள்.

கையில் இருக்கும் சில மில்லிகிராமை எப்படி வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது? ஐரோப்பாவில் இரண்டு பள்ளிகள் இரண்டு விடை சொன்னன. 1910-இல் தொடங்கிய ஸ்டாக்ஹோமின் ‘ரேடியும்ஹெம்மெட்’ மருத்துவமனையில் ஃபோர்செல்லும், அவருக்குப் பின் ஜேம்ஸ் ஹேமனும், அதிக ரேடியத்தை ஒரு நாள் போல வைத்து எடுத்தார்கள். வாரக்கணக்கில் இடைவெளி விட்டு மறுபடி வைத்தார்கள். பாரிஸ் ரேடியம் நிலையத்தில் கிளாடியஸ் ரெகோவும் லக்கசானும் நேர்மாறாகச் செய்தார்கள். குறைந்த ரேடியம், ஆனால் ஐந்து நாள் போல இடைவிடாமல். இருபுறமும் வைக்கும் ரேடியத்தைத் தாங்க அவர்கள் பயன்படுத்தியது சாதாரணக் கார்க்கு. இரண்டு முறையிலும் பெண்கள் பிழைத்தார்கள். எந்த முறை மேல் என்று ஒப்பிட வேண்டுமானால் நோயின் கட்டங்களை எல்லோரும் ஒரே மாதிரி வகுக்க வேண்டும் அல்லவா? அந்தத் தேவையிலிருந்துதான் கருப்பை வாய்ப் புற்றுநோயை நான்கு கட்டங்களாகப் பிரிக்கும் முறை பிறந்தது. 1920-களின் இறுதியில் அன்றைய சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) அதை வகுத்தது. இன்று டாக்டர்கள் ‘செகண்ட் ஸ்டேஜ்’, ‘தேர்ட் ஸ்டேஜ்’ என்று சொல்வதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

இரு பள்ளிக்கும் பொதுவான ஒரு குறை இருந்தது. இருவரும் மருந்தை ‘மில்லிகிராம்-மணி’ என்று அளந்தார்கள். 50 மில்லிகிராமை 100 மணி நேரம் வைத்தால் 5,000. சமையலில் எத்தனை விறகு, எவ்வளவு நேரம் என்று சொல்வதுபோல. சோறு வெந்ததா என்பதை அது சொல்லாது. ஒல்லியான பெண்ணுக்கும் பருத்த பெண்ணுக்கும், குறுகிய கருப்பைக்கும் அகன்றதுக்கும் ஒரே 5,000 கொடுத்தால், உள்ளே எந்தத் திசுவுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

விறகை எண்ணுவதை விட்டு வேக்காட்டைப் பார்க்கத் தொடங்கியது மான்செஸ்டர். அங்கே ஹோல்ட் ரேடியம் நிலையத்தில் ரால்ஸ்டன் பாட்டர்சன் என்ற மருத்துவரும் ஹெர்பர்ட் பார்க்கர் என்ற இளம் இயற்பியலாளரும் 1934-இல் ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டார்கள். நாக்கு, உதடு, மார்பு என்று எங்கே ரேடிய ஊசிகளைக் குத்தினாலும், ஓரத்தில் இத்தனை பங்கு, நடுவில் இத்தனை பங்கு என்று பிரித்து வைத்தால் அந்தப் பரப்பு முழுக்கக் கதிர் ஏறத்தாழச் சமமாகப் பரவும் என்பதற்கான அட்டவணைகள் அவை. நான்கு ஆண்டு கழித்து, 1938-இல், அதே நிலையத்தின் மார்கரெட் டாட் என்ற மருத்துவரும் மெரெடித் என்ற இயற்பியலாளரும் கருப்பை வாய்க்கு ஒரு புள்ளியைக் குறித்தார்கள். யோனியின் மேல் ஒதுங்கலிலிருந்து 2 சென்டிமீட்டர் மேலே, கருப்பை வழியின் நடுக்கோட்டிலிருந்து 2 சென்டிமீட்டர் பக்கத்தில். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘புள்ளி A’. கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியும் சிறுநீர்க் குழாயும் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு அருகே அது வருகிறது. அந்த இடம் எவ்வளவு தாங்கும் என்பதே சிகிச்சையின் எல்லை என்று அவர்கள் கருதினார்கள்.

இனி ரேடியம் எவ்வளவு வைத்தோம் என்பது முக்கியமல்ல, புள்ளி A-க்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதே கணக்கு. 72 மணி நேரம் வீதம் இரண்டு தடவை, சில நாள் இடைவெளியோடு, மொத்தம் 8,000 ரான்ட்ஜென் (கதிரை அளக்கும் அன்றைய அலகு). மணிக்குச் சுமார் 55 விழும்படி அவர்கள் குழாயையும் உருண்டைகளையும் அளவு வாரியாக வகுத்தார்கள். சிறிய உடம்புக்குச் சிறிய உருண்டை, பெரிய உடம்புக்குப் பெரியது, ஆனால் புள்ளியில் விழும் கதிர் ஒன்றே. இந்த வேலையின் அழகு எனக்குச் சொல்லித் தீராது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அளப்பதற்கு, கம்ப்யூட்டரும் ஸ்கேனும் இல்லாத நாளில், காகிதமும் பென்சிலும் கொண்டு ஒரு முளை அடித்துவிட்டார்கள். புள்ளி A இன்றும் மருத்துவமனைக் கோப்புகளில் எழுதப்படுகிறது.

நோயாளியின் பக்கம் இப்படித் தெளிவாகிக்கொண்டு வந்தது. வைப்பவரின் பக்கம்?

ரேடியம் வைக்கும் நாள் எப்படி இருக்கும் என்று பாருங்கள். பெட்டக அறையில் ஈயப் பலகைக்குப் பின்னால் நின்று ஒருவர் இடுக்கியால் ரேடியக் குழாய்களை எடுத்து, எண்ணி, உருண்டைக்குள் திணிப்பார். இன்னொருவர் நீண்ட பிடி போட்ட ஈயப் பெட்டியில் அதை அறுவை அரங்குக்குக் கொண்டுவருவார். மருத்துவர் அதை எடுத்து உள்ளே வைத்து, மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் தள்ளி நிறுத்துவதற்குச் சுற்றிலும் துணியைச் செறிவாக அடைக்க வேண்டும். அடைப்பதெல்லாம் விரல்நுனி வேலை, விரல்நுனிக்கும் ரேடியத்துக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர். பிறகு எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிப் போக வேண்டும். பிறகு வார்டு. அங்கே மூன்று நாள் உணவு கொடுப்பவர், படுக்கை மாற்றுபவர், கழிகலம் எடுப்பவர். பிறகு எடுப்பது, கழுவுவது, மறுபடி எண்ணுவது. ஒரு குழாய் குறைந்தால் குப்பைத்தொட்டி, துணி மூட்டை, சாக்கடை எல்லாவற்றையும் கிளற வேண்டும். ஒரு நோயாளிக்கு ஆனது கொஞ்சம்தான். ஆனால் அதே கைகள் வாரா வாரம், வருடா வருடம் அதே வேலையைச் செய்தன.

விரல் தோல் முதலில் வறண்டு பளபளக்கும், நகம் வெடிக்கும், ஆறாத புண் வரும், பிறகு விரல் போகும். சிலருக்கு ரத்தம் வற்றிப்போகும். 1936-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைத் தோட்டத்தில், எக்ஸ்ரேயாலும் ரேடியத்தாலும் உயிரிழந்த மருத்துவர்கள், இயற்பியலாளர்கள், செவிலியர்கள் நினைவாக ஒரு கல்லை நட்டார்கள். பல நாடுகளைச் சேர்ந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் முதலிலேயே பொறிக்கப்பட்டன. பின்னர் பட்டியல் நீண்டு இன்னும் கற்கள் சேர்ந்தன. மேரி க்யூரியின் பெயரும் அங்கே இருக்கிறது. அவர் 1934-இல் ரத்தம் ஊறாத நோயில் இறந்தார்.

இங்கேதான் அந்த இரண்டு மில்லிமீட்டர் விஷயம் வருகிறது. கை வெந்துபோகும் என்று தெரிந்த மருத்துவர் என்ன செய்வார்? வேகமாகச் செய்வார். ‘சட்டென்று வை, அடை, வெளியே வா’ என்பதுதான் இளம் மருத்துவர்களுக்குக் கிடைத்த பயிற்சி. பொறுமையாகப் பார்த்து, கோணலாக இருந்தால் எடுத்து மறுபடி நேராக வைக்க நேரமில்லை. எக்ஸ்ரேயில் கோணல் தெரிந்தாலும் மீண்டும் கை வைப்பதென்றால் மீண்டும் கதிர். ஆக, வைப்பவரின் ஆபத்து நோயாளியின் ஆபத்தாகவும் மாறியது. மான்செஸ்டர்க்காரர்கள் எவ்வளவுதான் துல்லியமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தாலும், அவசரக் கையால் அதை முழுதாக நிறைவேற்ற முடியவில்லை.

அந்தக் கால அறுவை அரங்குகளில் ஒன்றில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 1951 பிப்ரவரி, பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண், ஐந்து குழந்தைகளின் தாய், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியம் வைத்துக்கொள்ள வந்திருந்தார். மயக்கம் கொடுத்தார்கள். ரேடியக் குழாய்கள் கொண்ட சிறு பைகளை வைத்துத் தைப்பதற்கு முன், மருத்துவர் கட்டியிலிருந்து ஒரு துணுக்கையும் நல்ல திசுவிலிருந்து ஒரு துணுக்கையும் வெட்டி எடுத்து, ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வகத்துக்கு அனுப்பினார். லாக்ஸிடம் யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. ரேடியம் அவரைக் காப்பாற்றவில்லை. அக்டோபர் 4 அன்று 31 வயதில் இறந்துபோனார். அந்தத் துணுக்கின் செல்கள் ‘ஹீலா’ என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹாசன் 1980-களில் இந்த நோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ்களைக் கண்டறிந்தபோது, அவற்றில் ஒரு வகை ஹீலா செல்லுக்குள்ளேயே இருந்தது. இன்று பெண் குழந்தைகளுக்குப் போடப்படும் தடுப்பூசி அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வந்தது. ரேடியம் வைப்பதற்குச் சில நிமிடம் முன்னால் கேட்காமல் எடுத்த ஒரு துணுக்கு. அந்தக் குடும்பத்துக்கு இழைத்த அநீதி அநீதிதான், நன்மை விளைந்தது என்பதால் அது கழிந்துவிடாது.

வைப்பவரின் கைச்சிக்கலுக்கு வருவோம். அதைத் தீர்த்த யோசனை கேட்பதற்கு மிக எளியது. முதலில் காலிக் குழாயை வை, கதிரைப் பிறகு நிரப்பு. நியூயார்க்கின் ராபர்ட் ஆபே போன்றவர்கள் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அப்படிச் செய்துபார்த்தார்கள், ஆனால் அது பரவவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்து நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் பணியாற்றிய உல்ரிச் ஹென்ஷ்கே 1950-களில் அதை ஒரு முறையாக வளர்த்து ‘ஆஃப்டர்லோடிங்’ என்று பெயரிட்டார். ஹூஸ்டனில் கில்பர்ட் ஃபிளெட்சர் வடிவமைத்த கருவியை ஹெர்மன் சூட் அதே முறைக்கு மாற்றினார். அரங்கில் மருத்துவர் கைவைப்பது வெறும் எஃகுக் குழாயில். கதிர் இல்லை. ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். கோணலா, எடுத்து நேராக்கலாம். துணியை நிதானமாக அடைக்கலாம். எக்ஸ்ரே எடுத்து, கணக்குப் போட்டு, எல்லாம் சரி என்ற பிறகு வார்டில் வைத்து நீண்ட கம்பியின் நுனியிலிருக்கும் கதிர்மூலத்தை உள்ளே தள்ளினால் போதும். மருத்துவர் தள்ளி நின்றதும் நோயாளிக்குத் துல்லியம் கிடைத்தது. 1982-இல் என் பெரியம்மாவுக்குச் செய்தது இதைத்தான். அரங்கிலிருந்து வெறும் குழாய்களோடு வந்தவருக்கு வார்டில் வைத்துத்தான், ரேடியத்துக்குப் பதிலாக வந்திருந்த சீசியத்தை நிரப்பினார்கள். அதற்குப் பிறகு பத்தொன்பது ஆண்டு இருந்தார். பேரனின் திருமணத்தைப் பார்த்தார்.

ரேடியமும் இதற்குள் விடைபெறத் தொடங்கியிருந்தது. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. குழாயில் கீறல் விட்டால் ரேடான் வாயு கசியும், தூள் உடம்புக்குள் போனால் எலும்பில் குடியேறும். அணு உலைகள் வந்த பிறகு சீசியம்-137, கோபால்ட்-60, இரிடியம்-192 எல்லாம் மலிவாகவும் பாதுகாப்பான வடிவிலும் கிடைத்தன. பாரிஸில் பியர்கேனும் அவர் குழுவினரும் வளையும் இரிடியம் கம்பிகளை மார்பிலும் நாக்கிலும் கோத்து, அதற்கென்றே தனி விதிகள் வகுத்தார்கள்.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. பொது மருத்துவமனையில் கேப்டன் பார்னார்டின் பெயரைத் தாங்கிய கதிரியல் நிலையம் 1934-இல் திறக்கப்பட்டது. தங்கையைப் புற்றுநோய்க்கு 1923-இல் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில், 1952-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கியது. இங்கே வந்த பெண்களில் மிகப் பலருக்கு இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். சென்னையில் நெடுங்காலம் பெண்களின் புற்றுநோய்களில் அதுதான் முதலிடத்தில் இருந்தது, பிறகுதான் மார்பகப் புற்றுநோய் அதை முந்தியது. ஆகவே உள்கரண்டு நம் ஊருக்கு அரிய வைத்தியமாக இருந்ததில்லை, ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு அன்றாட வைத்தியமாக இருந்தது. அடையாற்றின் கதையை அடுத்த இதழில் விரிவாகச் சொல்கிறேன்.

அடுத்த படி, நிரப்பும் கையையும் அறைக்கு வெளியே அனுப்புவது. 1960-களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமில் ரூனே வால்ஸ்டாமும் நியூயார்க்கில் ஹென்ஷ்கேயும் எந்திரம் கட்டினார்கள். பொத்தானை வெளியே அழுத்தினால் கதிர்மூலம் குழாய் வழியே தானே உள்ளே போகும், நேரம் முடிந்ததும் தானே பெட்டகத்துக்குத் திரும்பும். அறையில் வேறு யாரும் இல்லை என்பதால் கதிர்மூலம் எவ்வளவு கடுமையாகவும் இருக்கலாம். மூன்று நாளில் கொடுத்ததைச் சில நிமிடத்தில் கொடுத்துவிடலாம். இன்று மருத்துவமனைகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். மெல்லிய கம்பியின் நுனியில் ஒட்டவைத்த, அரிசியைவிட மெலிந்த ஓர் இரிடியத் துணுக்கு. புதிதாக வரும்போது அதன் பலம், க்யூரி பெயரிலான அலகில், 10 க்யூரி. அமெரிக்கப் பெண்கள் ஒரு லட்சம் டாலர் திரட்டி வாங்கிக் கொடுத்த அந்த ஒரு கிராம் ரேடியத்தைவிட ஐந்து மடங்குக்கும் மேலான காமாக் கதிர் அந்தத் துணுக்கிலிருந்து வருகிறது. அதன் அரை ஆயுள் 74 நாள். சில மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றுவதற்குள் பலம் குறையக் குறைய, பத்து நிமிடச் சிகிச்சை இருபது நிமிடமாகிவிடும்.

எந்திரத்தை நம்பிக் கை அகன்ற பிறகு நடந்த ஒரு விபத்தைச் சொல்லி முடிக்கிறேன். 1992 நவம்பரில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இண்டியானா என்ற சிற்றூர். ஒரு மூதாட்டிக்கு ஐந்து குழாய்கள் வழியே இரிடியம் செலுத்தும்போது கம்பி முறிந்து, துணுக்கு அவர் உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டது. எந்திரத்தின் பலகை ‘திரும்பிவிட்டது’ என்று காட்டியது. அறைச் சுவரிலிருந்த கதிர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அந்த விளக்கு முன்பும் கோளாறு செய்திருந்ததால் பணியாளர்கள் எந்திரத்தை நம்பினார்கள், விளக்கை நம்பவில்லை. கைக்கருவியால் யாரும் அளந்து பார்க்கவில்லை. மூதாட்டியை முதியோர் இல்லத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். நான்காம் நாள், துணுக்கு தங்கியிருந்த குழாய் தானே விழுந்தது. அதைக் குப்பையில் போட்டார்கள். மறுநாள் அவர் இறந்தார். அந்த இல்லத்துப் பணியாளர்கள், வந்துபோன உறவினர்கள் என்று தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மேல் கதிர் பட்டிருந்தது. மருத்துவக் குப்பை ஏற்றிய லாரி ஒன்று குப்பை எரிக்கும் ஆலையின் கதிர் அளவி வழியே போனபோது அது அலறிய பிறகுதான் எல்லாம் வெளியே தெரிந்தது.

அதிலிருந்து ஒரு வழக்கம் இறுகிப்போயிற்று. சிகிச்சை முடிந்து எந்திரம் ‘திரும்பிவிட்டது’ என்று காட்டிய பிறகு, கனத்த கதவைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வருவார். கையில் ஒரு சிறிய அளவி இருக்கும். கதவருகே ஒரு தடவை அதைப் பார்ப்பார். பிறகு நேராகக் கட்டிலுக்குப் போய், படுத்திருப்பவரின் வயிற்றருகே கொண்டுபோய்ப் பிடித்து, முள் அசையவில்லை என்று பார்த்த பிறகே, குழாயைக் கழற்றக் கை நீட்டுவார்.

(தொடரும்)